மிசௌரியில் வசந்தகால வான்கோழி வேட்டை: முதல்முறை போவோருக்கு

கேள்வி, 7 ஏப்ரல் 2024

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கும் நம்மவர் யாராவது வான்கோழி வேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? என் ஆபீஸில் ஏப்ரல் வந்தாலே இதே பேச்சு. சேவல் துணை தேடும் காலத்தில், பெட்டை மாதிரி குரல் கொடுத்து வரவழைத்துச் சுடுவதாம். இதில் வேட்டை எங்கே இருக்கிறது? ஏமாற்று வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. போனவர்கள் சொல்லுங்கள்.

9 ஏப்ரல் 2024

நான் இன்னும் போகவில்லை, இந்த வருஷம்தான் முதல்முறை. ஆபீஸ் நண்பன் ஒருவனும் அவனுடைய மாமனாரும் கூட்டிப்போகிறார்கள். மாமனார் எழுபது தாண்டியவர், சின்ன வயதிலிருந்தே இதில் ஊறியவர்.

ஏமாற்று என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமனார் சொன்ன ஒரு விஷயத்தில் யோசனை மாறியது. காட்டில் சேவல் பெட்டையைத் தேடிப் போவது குறைவு. அது நின்ற இடத்தில் நின்று முழங்கும், பெட்டைகள் அதைத் தேடி வரும். நாம் பெட்டைக் குரல் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தால், "நான் வரமாட்டேன், நீ வா" என்று சேவலிடம் சொல்கிறோம். அதன் வழக்கத்துக்கே எதிரான அழைப்பு. பெரும்பாலான சேவல்கள் அறுபது எழுபது கஜத்தில் நின்றுகொண்டு, பெட்டை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுமாம். அதனால்தான் முப்பது வருஷம் போனவர்களும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

நேற்று கிரகணம் பார்க்க கேப் ஜிரார்டோ போய், வருகிற வழியில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் வீடு சேர்ந்தேன். மீதி அப்புறம்.

11 ஏப்ரல் 2024

தனிச்செய்தியில் இருவர் கேட்டதால் சட்ட விஷயம் மட்டும்.

மிசௌரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம். அப்புறம் வசந்தகால வான்கோழி அனுமதிச் சீட்டு. இந்த வருஷம் (2024) ஏப்ரல் 15 முதல் மே 5 வரை, சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து பகல் ஒரு மணி வரை மட்டும். ஆளுக்கு இரண்டு, அதிலும் முதல் வாரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. சேவல், அல்லது தாடி வெளியே தெரிகிற பறவை. தாடி என்பது நெஞ்சிலிருந்து தொங்கும் குதிரைமயிர் போன்ற இறகுக்கொத்து. சில பெட்டைகளுக்கும் உண்டு.

தானியம் தூவி வரவழைப்பது குற்றம். போனில் பதிவுசெய்த குரலை ஓடவிடுவதும் குற்றம். ரைஃபிள் எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், வான்கோழிக்கு அது கிடையாது. ஷாட்கன், அதாவது ரவை என்கிற சின்னச் சின்ன குண்டுகள் சிதறுகிற துப்பாக்கி, அதிலும் நான்காம் எண்ணைவிடப் பெரிய ரவை கூடாது. இல்லையென்றால் வில் அம்பு.

எச்1பி வேலை விசா ஆட்களுக்கு: குடியேறாதோர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. "நண்பன் துப்பாக்கிதானே, கையில் வாங்கிப் பார்த்தால் என்ன" என்று இறங்காதீர்கள். உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

14 ஏப்ரல் 2024

இன்று துப்பாக்கியைச் சோதித்தோம். நண்பனுடைய பழைய 12 கேஜ் பம்ப் ஷாட்கன். வான்கோழித் தலையும் கழுத்தும் வரைந்த தாளை நாற்பது கஜத்தில் மாட்டி, ரவை எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது. இருபது கஜத்தில் கழுத்து நிறைய ஓட்டை. நாற்பதில் எண்ணிவிடலாம் போல இருந்தது. மாமனார் தாளைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "முப்பத்தைந்துக்கு மேல் உனக்குக் கிடையாது" என்று முடித்துவிட்டார். குறி எப்போதும் தலை, கழுத்துதான். உடம்பில் அடித்தால் இறகு கொட்டிக்கொண்டு ஓடிப்போய் எங்கோ சாகும்.

பிறகு என் பையைக் கொட்டச் சொன்னார். சிவப்பு டி-ஷர்ட் வெளியே. வெள்ளை சாக்ஸ் வெளியே. நீலக் கைக்குட்டை வெளியே. சேவலின் தலையில் இருக்கிற நிறங்கள் இந்த மூன்றும்தான். புதருக்குள் அந்த நிறம் அசைந்தால் வேறொரு வேட்டைக்காரன் சுட்டுவிடுவான். வசந்தகாலத்தில் எல்லோரும் தலை முதல் கால் வரை இலைதழை டிசைனில் மறைந்து, பெட்டைக் குரலும் கொடுத்துக்கொண்டிருப்பதால் இந்த ஆபத்து அதிகம். அவர் போட்ட மற்ற விதிகள்: தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்க்க வேண்டும். சேவல் சத்தம் கேட்ட திசைக்குப் பதுங்கிப் போகக் கூடாது. வேறு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் சத்தமாகப் பேச வேண்டும். கூப்பிடக் கற்றுக்கொடுப்பார் என்று போனேன், அன்று முழுக்க இதுதான் பாடம்.

19 ஏப்ரல் 2024

நாளைக் காலை. இடம் டென்ட் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஓசார்க் மலைக்காடு, மாமனாரின் சொந்த நிலம். பக்கத்து ஊர் பெயர் சேலம். ஊருக்குப் போன் பண்ணி "சேலம் போகிறேன்" என்றதும் அம்மா, "எப்படா வந்த, சொல்லவே இல்ல?" என்று பதறிவிட்டார்.

22 ஏப்ரல் 2024

வந்தாச்சு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, கதவை அறையாமல் சாத்திவிட்டு இருட்டில் நடந்தோம். பக்கி என்கிற இரவுப் பறவை ஒன்று நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. கிழக்கு வெளுக்க ஆரம்பித்ததும் மாமனார் இரண்டு கையையும் வாயில் குவித்து ஆந்தை மாதிரி அலறினார். அவர் முடிப்பதற்குள் எதிர் மேட்டிலிருந்து களகளவென்று ஒரு முழக்கம். இந்தக் காலத்தில் சேவலுக்கு எந்தத் திடீர்ச் சத்தம் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஆந்தை, காக்கை, சில சமயம் காரின் கதவு. மரத்தில் அடைந்திருக்கும்போதே இப்படி இடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒரு வெள்ளை ஓக் அடியில் என்னை உட்காரவைத்தார்கள். முட்டி மேல் துப்பாக்கி. மாமனார் வலப்பக்கம் ஒரு மரம் தள்ளி. நண்பன் பின்னால், வாய்க்குள் டயாஃப்ரம் என்கிற சின்ன ஊதல் வைத்துக்கொண்டு.

இங்கேதான் இரண்டு பேருக்கும் வழக்கு. நண்பன் ஓயாமல் கூப்பிடுகிற ஆள். கேறுவான், கொஞ்சுவான், சண்டை போடுகிற பெட்டை மாதிரி படபடப்பான். மாமனார் தேவதாரு மரத்தில் தானே செய்த பெட்டி ஒன்று வைத்திருக்கிறார், மூடியைச் சுவரில் உரசினால் பெட்டைக் குரல். மூன்று தடவை உரசிவிட்டுக் கீழே வைத்துவிடுவார். மருமகனின் கச்சேரியைக் கேட்டு அவர் முகத்தைச் சுளித்தது முகமூடிக்கு மேலேயே தெரிந்தது.

விடிந்தது. மரத்திலிருந்து இறக்கை அடித்து இறங்குகிற சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது. கூடவே நிஜப் பெட்டைகளின் கேறல். சேவல் இன்னும் இரண்டு முறை முழங்கியது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரத்தில். துணை கிடைத்துவிட்டது, எங்களை யார் கேட்பார்கள்? நண்பன் சுற்றிப்போய் முன்னால் மறிக்கலாம் என்றான். மாமனார் அசையவில்லை. பெட்டைகள் காலை ஏறியதும் முட்டையிடக் கூட்டுக்குப் போய்விடும், சேவல் தனியாகிவிடும், அப்போது முதலில் கேட்ட குரல் ஞாபகம் வரும் என்பது அவர் கணக்கு. நண்பன் கடுப்பாகி வேறு மேட்டுக்குப் போய்விட்டான்.

அப்புறம் உட்கார்ந்திருந்தோம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வேட்டை என்பது முக்கால்வாசி மரத்துப்போன கால். வான்கோழிக்கு மோப்பம் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் கண் மனிதனைவிடக் கூர்மை, பக்கவாட்டிலும் நன்றாகப் பார்க்கும். மூக்கைச் சொறிந்தால் முடிந்தது கதை. என் கையுறையில் ஓர் உண்ணி ஏறியது. ஆள்காட்டி விரல் நுனிவரை போய், முன்னங்கால் இரண்டையும் காற்றில் விரித்து, ஏதாவது உரசிப்போகுமா என்று காத்திருந்தது. முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் தலை சாய்ந்திருந்தது, தூங்கினாரா என்று தெரியாது.

பத்து மணிக்கு மேல் அவர் பெட்டியை எடுத்தார். மூன்று உரசல். கீழே வைத்தார். பதில் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு எனக்கு ஒரு சத்தம். தூரத்தில் லாரி கியர் மாற்றி மேடு ஏறுகிற மாதிரி, காதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிகமாகக் கேட்கிற ஒரு முனகல். அங்கே ரோடு கிடையாது. தோகை விரித்து நிற்கிற சேவல் வாய் திறக்காமல் போடுகிற சத்தம் அது, படிப்பில் கேட்டிருந்தேன். வந்தது இடப்பக்கத்திலிருந்து. மாமனார் வலப்பக்கச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் மிஷின் மாட்டியவர், இந்தச் சத்தம் அவருக்கு எட்டவில்லை. சொல்லவும் முடியாது, தொடவும் முடியாது.

துப்பாக்கியை இடப்பக்கம் திருப்ப ஆரம்பித்தேன், நகம் வளர்கிற வேகத்தில். புதருக்கு மேல் முதலில் தோகை விசிறியின் ஓரம் தெரிந்தது. பிறகு முழுப் பறவை. மயிலைப் பார்த்து ஆடியதாக நாம் பள்ளிக்கூடத்தில் கேலி பேசியது இதைத்தான் என்றால், பாவம் செய்திருக்கிறோம். உச்சந்தலை பால்வெள்ளை, முகம் நீலம், கழுத்துத் தொங்கல் ரத்தச் சிவப்பு, உடம்பெல்லாம் வெயிலில் செம்பும் பச்சையுமாக மாறுகிறது. ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் தலை மறைந்தபோது மீதித் திருப்பலை முடித்தேன். வெளியே வந்தது. தோகை விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே இழுத்திருக்கும், சுட வாகில்லை. அந்த நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு சின்ன "டொக்". மாமனார் வாயாலேயே போட்டார். என் குழல் திரும்பியதைப் பார்த்திருக்கிறார். சேவல் தோகையைச் சுருக்கி, கழுத்தை நீட்டி நிமிர்ந்தது.

முப்பது காலடி தூரத்துக்குள். சுட்டேன்.

சேஃப்டியைப் போட்டுவிட்டுப் போய்க் கழுத்தில் கால் வைத்தோம். இறக்கை அடிப்பு அடங்கச் சில நிமிஷம் ஆனது. அது நன்றாக இல்லை, நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கால் இன்னும் சூடாக இருந்தது. தலையின் நீலமும் வெள்ளையும் என் கண் முன்னாலேயே வெளிறிப்போயின. குதிமுள் ஓர் அங்குலத்துக்கு மேல், வளைந்து கூராக. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மூன்று வயசாவது இருக்கும்" என்றார் மாமனார்.

22 ஏப்ரல் 2024, இரவு

விட்டுப்போனவை. சுட்ட உடனே அனுமதிச் சீட்டில் தேதியைக் குறிக்க வேண்டும். அன்றிரவு பத்து மணிக்குள் போனிலோ ஆன்லைனிலோ பதிவுசெய்ய வேண்டும். அதுவரை தலையும் இறகும் அப்படியே இருக்க வேண்டும். வண்டிவரை சுமந்து வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றினோம். தோளில் விசிறி தெரியத் தொங்கவிட்டு நடந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

எடை ஏறக்குறைய பத்துக் கிலோ. கழுத்தடி இரைப்பையைத் திறந்தால் க்ளோவர் இலை ஒரு பிடி, நொறுங்கிய ஓக் கொட்டை, பச்சை மினுக்கில் ஒரு வண்டு, முழுசாக.

24 ஏப்ரல் 2024

"நிலம் அவருடையது, கூப்பிட்டவர் அவர், துப்பாக்கி நண்பனுடையது. நீங்கள் விசையை அழுத்தினீர்கள். இது யாருடைய வேட்டை?" என்று கேட்டவருக்கு.

நியாயமான கேள்வி. அனுபவசாலிகளோடு போவதில் இந்தக் குறை உண்டு. எங்கே உட்காருவது, எப்போது கூப்பிடுவது, எப்போது சும்மா இருப்பது, எல்லா முடிவும் அவர்களுடையது. நான் தனியாகப் போயிருந்தால் ஏழு மணிக்கே சேவலைத் துரத்திக்கொண்டு ஓடியிருப்பேன். அவர்கள் வேட்டை, எனக்குக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

26 ஏப்ரல் 2024

மேலே எழுதியது பாதிதான் சரி என்று படுகிறது. இடப்பக்கம் திரும்பியது என் முடிவு. அந்த முனகல் எனக்கு மட்டும்தான் கேட்டது. திரும்பாமல் இருந்திருந்தால் மாமனாரின் பொறுமை மொத்தமும் வீண், அவரே சொன்னார். முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு எனக்கு. பேரம் பேசவில்லை.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றே மறித்திருந்தால் எட்டு மணிக்கு முடித்துவிட்டுச் சேலத்தில் டிபன் சாப்பிட்டிருக்கலாம் என்கிறான். நான் மாமனார் கட்சி. நண்பனின் கச்சேரி இளஞ்சேவலிடம் எடுபடலாம், வயசான சேவல் அதையெல்லாம் கேட்டுப் பழகியது.

28 ஏப்ரல் 2024

"ஊரில் முயல் பிடித்தாலே கேஸ், அங்கே காட்டுப் பறவையைக் கொன்றுவிட்டுக் கதை எழுதுகிறீர்கள்" என்றவருக்குக் கோபமில்லாமல் பதில்.

1950-களின் தொடக்கத்தில் மிசௌரி முழுக்கச் சில ஆயிரம் வான்கோழிகள்தான் மிஞ்சியிருந்தன. காடு அழிந்ததும் கட்டுப்பாடில்லாத வேட்டையும் காரணம். பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிறகு மிஞ்சிய காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் குடியேற்றினார்கள். பீரங்கி மாதிரி வெடித்து விரிகிற வலை. அதுதான் பலித்தது. 1960-இல் மறுபடி திறந்த முதல் வசந்தகால வேட்டை மூன்றே நாள், சில கவுன்டிகளில் மட்டும். அந்த மூன்று நாளில் விழுந்தவை 94. பின்னால் பறவை பெருகி, வான்கோழியைக் கென்டக்கிக்குக் கொடுத்து நீர்நாய் வாங்குகிற அளவுக்கு வந்தார்கள்.

பணம் எங்கிருந்து? 1937-இன் மத்திய சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அது வனவிலங்குப் பணிக்குப் போகிறது. அதோடு மிசௌரி மக்கள் 1976-இல் ஓட்டுப் போட்டு, விற்பனை வரியோடு, பொருளின் விலையில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கை இதற்கென்று சேர்த்தார்கள். வால்மார்ட்டில் வெங்காயம் வாங்குகிற சைவர்களும் இதில் பங்குதாரர்கள்தான்.

இதெல்லாம் கொல்வதை நியாயமாக்குகிறதா என்பது வேறு கேள்வி. நான் கோழிக்கறி சாப்பிடுகிறவன். முகம் பார்த்துக் கொன்ற ஒன்று, பிளாஸ்டிக் தட்டில் வருகிற ஒன்றைவிடப் பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் அதிலும் தப்பில்லை.

6 மே 2024

சீசன் நேற்று முடிந்தது. இரண்டாவது சீட்டு வீண்தான், ஆபீஸ் விடவில்லை.

உண்ணிக் கதையைச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வெள்ளைப் புள்ளி உள்ளது லோன் ஸ்டார் உண்ணி. அது கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா-கால் என்ற ஒவ்வாமை வரும். ஆடு, மாடு, பன்றி என்று பாலூட்டிக் கறி எதுவும் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் தடிப்பும் மூச்சுத்திணறலும். எதனால் என்றே பலருக்குப் பிடிபடாது. ஓசார்க் பக்கம் இது அபூர்வமல்ல. கோழி, மீன், வான்கோழி சாப்பிடலாம். மட்டன் பிரியாணி போச்சு.

பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகுங்கள். உடையில் முன்கூட்டியே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவையுங்கள், தோலில் பூசக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முட்டிக்குப் பின்னால், அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். என் இடுப்பில் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், மனைவி ஒரு மணி வரை தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

19 மே 2024

பதின்மூன்று வருஷச் சில்வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பிவிட்டன. பேச்சே கேட்கவில்லை. மாமனாருக்கு ஏக சந்தோஷம், வான்கோழிகள் இதைத் தின்று கொழுக்குமாம். கொஞ்ச வருஷமாக இங்கே குஞ்சு பிழைப்பது குறைந்திருப்பதில் அவருக்குக் கவலை. அடுத்த ஏப்ரலில் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சும்மா உட்காருவாராம். நான் இப்போதே காரில் பழகுகிறேன். சிக்னலில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

கறியை எப்படிச் சமைத்தோம் என்று கேட்ட அக்காவுக்கு: நெஞ்சுக்கறியை மெல்லிசாக அரிந்து, மிளகு சோம்பு தட்டிப்போட்டு வறுத்தால் பத்து நிமிஷம்தான், மேலே போனால் சக்கை. கால் அப்படியில்லை. காட்டில் ஓடித் திரிந்த கால், நரம்பெல்லாம் எலும்பாக இறுகியிருக்கும், ஈர்க்குச்சி மாதிரி உருவி எடுக்க வேண்டும். நாட்டுக்கோழிக் குழம்பு மசாலாவே போதும். நான்கு விசிலில் திறந்து பார்த்து ஏமாந்து, திரும்ப மூடி வைத்தோம். பன்னிரண்டு விசில் வையுங்கள், தேங்காயை அதற்கப்புறம் அரைத்து ஊற்றுங்கள்.